சிங்கப்பூர்த் துறைமுகத்தின் வளர்ச்சி நிலைபெறுமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

உலகப் படத்தை விரித்து வைத்துச் சிங்கப்பூரைத் தேடினால், அந்தத் தீவைவிட அதன் பெயர்தான் பெரிதாக அச்சாகியிருக்கக் காண்போம். அதன் பரப்பு ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர். அதிலும் ஒரு பகுதி கடலைத் தூர்த்துச் சேர்த்தது. குடிநீருக்கே ஒரு காலத்தில் அண்டை நாட்டைப் பெரிதும் நம்பியிருந்த இச்சிறு தீவில், 2024-ஆம் ஆண்டில் இருபதடி அளவில் கணக்கிட்டு 4 கோடியே 11 லட்சம் சரக்குப் பெட்டகங்கள் ஏற்றி இறக்கப்பட்டன. உலகில் ஷாங்காய்க்கு அடுத்த இடம் இதற்கே. கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்புவதிலோ இதுவே முதலிடம்.

இந்த எண்ணைக் கண்டு வியப்பது எளிது. அதனுள்ளே ஒளிந்திருக்கும் வேறோர் எண்ணைத்தான் நாம் கவனிக்க வேண்டும். சிங்கப்பூருக்கு வரும் பெட்டகங்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது, சிங்கப்பூர் மக்களுக்காக வருபவை அல்ல. அவை ஒரு கப்பலிலிருந்து இறங்கி, சில நாட்கள் முற்றத்தில் கிடந்து, மற்றொரு கப்பலில் ஏறி வேறு நாட்டுக்குப் போய்விடுகின்றன. நம் ஊரில் விழுப்புரம் சந்திப்பை நினைத்துக்கொள்ளலாம். அங்கே இறங்குகிறவர்களில் எத்தனையோ பேருக்கு விழுப்புரத்தில் வேலை ஏதும் இல்லை. அடுத்த வண்டியைப் பிடிக்கவே இறங்குகிறார்கள். நாளை வேறொரு சந்திப்பில் அடுத்த வண்டி விரைவாகக் கிடைக்கும் என்றால் அவர்கள் அங்கே போய்விடுவார்கள். அவர்களைத் தடுக்க விழுப்புரத்தால் இயலாது.

சிங்கப்பூரின் நிலையும் இதுவே. தனக்குச் சொந்தமில்லாத சரக்கை நம்பி வாழும் துறைமுகம் எவ்வாறு இத்தனை ஆண்டுகள் வளர்ந்தது, இனியும் வளருமா என்பதை என் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் ஈண்டு ஆராய முற்படுகிறேன்.

இடம் மட்டும் போதுமா?

சிங்கப்பூரின் வளர்ச்சிக்குக் காரணம் யாது என வினவினால், அது அமைந்துள்ள இடமே என்று உடனே விடை வரும். நானும் பள்ளியில் அவ்வாறே எழுதி மதிப்பெண் பெற்றேன். இந்தியப் பெருங்கடலையும் தென்சீனக் கடலையும் இணைக்கும் மலாக்கா நீரிணையின் தென்கோடியில் அது இருக்கிறது. மேற்கேயும் கிழக்கேயும் போகும் கப்பல்கள் அவ்வழியே போகின்றன. இவை உண்மைதாம். ஆனால் அந்த நீரிணையின் வரலாற்றைப் படித்தால் இந்த விடை பாதி விடை என்பது தெரியவருகிறது.

ஒரு காலத்தில் இந்நீரிணையின் வாணிபம் சுமத்திராவில் தலைநகர் கொண்டிருந்த ஸ்ரீவிஜயப் பேரரசின் கையில் இருந்தது. நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பியவர்கள் அவ்வரச மரபினரே. பின்னர் 1025-இல் முதலாம் இராசேந்திர சோழன் கடாரம் வரை கப்பற்படை அனுப்பி அவர்களைத் தாக்கினான். அப்படையெடுப்புக்கு, சீனத்தோடு நடந்த கடல் வாணிபமும் ஒரு காரணமாயிருக்கலாம் என்பது வரலாற்று ஆசிரியர் பலரின் கருத்து. அதன்பின் 1400-ஐ ஒட்டி மலாக்கா எழுந்தது. அதை 1511-இல் போர்த்துகீசியரும் 1641-இல் டச்சுக்காரரும் கைப்பற்றினர். 1786-இல் ஆங்கிலேயர் பினாங்கில் துறை அமைத்தனர். 1819-இல் ராபிள்ஸ் சிங்கப்பூரில் இறங்கிச் சுங்கவரி இல்லாத துறைமுகம் என்று அறிவித்தார். 1832-இல் நீரிணைக் குடியேற்றங்களின் தலைநகரே பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு மாறிவிட்டது.

நீரிணை இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. காற்றும் மாறவில்லை. துறைமுகங்களே ஒன்றன்பின் ஒன்றாக மாறின. ஆகவே நல்ல இடம் என்பது அந்த நீரிணை முழுவதற்கும் பொதுவான சொத்து. எந்த ஒரு துறைக்கும் எழுதிக்கொடுக்கப்பட்ட பட்டா அன்று. இன்றும் அதே நீர்வழியில் கிள்ளான் துறைமுகம் இருக்கிறது. ஜொகூரில் தஞ்சோங் பெலப்பாஸ் இருக்கிறது. சிங்கப்பூரின் மேற்கு முனையில் நின்றால் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் அதன் பாரந்தூக்கிகள் தெரியும்.

ஒரு பெட்டி செய்த மாற்றம்

1956 ஏப்ரல் 26-ஆம் நாள் அமெரிக்காவின் நூவர்க் துறையிலிருந்து ஹூஸ்டனுக்கு ஐடியல் எக்ஸ் என்னும் கப்பல் 58 அலுமினியப் பெட்டகங்களோடு புறப்பட்டது. அதை அனுப்பியவர் மால்கம் மெக்லீன் என்பவர். அவர் கப்பல்காரர் அல்லர். லாரித் தொழில் நடத்தி முன்னேறியவர். மூட்டை மூட்டையாக ஆட்கள் சுமந்து ஏற்றுவதற்குப் பதில், லாரியின் பெட்டியையே கழற்றிக் கப்பலில் வைத்தால் என்ன என்று அவர் எண்ணினார். கப்பற்றொழிலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது தோன்றவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

இப்பெட்டக முறை ஆசியாவுக்கு வருமா, வந்தால் எப்போது வரும் என்று யாரும் உறுதியாகக் கூற இயலாத 1960-களின் பிற்பகுதியில் சிங்கப்பூர் அதற்கென ஒரு துறை கட்ட முடிவு செய்தது. அப்போது அந்நாட்டின் நிலை என்ன? 1965-இல் மலேசியாவிலிருந்து பிரிந்து தனித்து நின்றது. 1966 வரை இந்தோனேசியா அதனோடு வாணிபத்தை நிறுத்தி வைத்திருந்தது. 1968-இல் பிரிட்டன் தன் படைத்தளத்தை மூடப் போவதாக அறிவித்தது. அத்தளத்தைச் சார்ந்தே நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வந்துகொண்டிருந்தது. இந்நிலையில் உலக வங்கியிடம் கடன் வாங்கி, இன்னும் வராத கப்பல்களுக்காகத் தஞ்சோங் பகாரில் துறை கட்டினார்கள். 1972 ஜூன் 23-ஆம் நாள் நிஹோன் என்ற முதல் பெட்டகக் கப்பல் அங்கு வந்து சேர்ந்தது.

1982-இல் ஆண்டுக்குப் பத்து லட்சம் பெட்டகங்கள் என்ற அளவை எட்டினர். காகித வேலையால் பெட்டகங்கள் தேங்கக்கூடாது என்று 1984-இல் கப்பல் நிறுவனங்களையும் துறைமுகத்தையும் இணைக்கும் போர்ட்நெட் என்னும் கணிப்பொறி ஏற்பாட்டையும், 1989-இல் சுங்க அனுமதிகளுக்காக டிரேட்நெட் என்னும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தனர். நம் நாட்டில் கணிப்பொறியைப் பலர் படத்தில் மட்டுமே கண்டிருந்த காலம் அது.

கணக்கு ஒன்று

நடுத்துறையாக இருப்பதில் என்ன இலாபம் என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 20 துறைமுகங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற ஒவ்வொன்றுக்கும் நேர்வழி வேண்டுமாயின், 20-ஐ 19-ஆல் பெருக்கி இரண்டால் வகுக்க, 190 வழிகள் தேவை. இவற்றுள் பலவற்றில் பாதிக் கப்பல் நிரம்பும் அளவுக்குக்கூடச் சரக்கு இராது. நடுவில் ஒரு துறையை வைத்து எல்லாரும் அங்கே வந்து மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு செய்தால், 20 வழிகளே போதும். பெருங்கடலைக் கடக்கும் தாய்க்கப்பல்கள் நடுத்துறைக்கு வந்து போக, சிறு துறைகளுக்குக் கிளைக்கப்பல்கள் ஓடும்.

இக்கணக்கை மறுபுறமாகவும் பார்க்க வேண்டும். நடுத்துறையிலிருந்து 5 வழிகள், அதாவது கால் பங்கு, வேறிடத்துக்குப் போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். மீதி 15. அவற்றுக்கிடையே உள்ள இணைப்புகள் 105. முன்பு 190 இருந்தன. கால் பங்கு வழிகள் போனதும் இணைப்புகளில் ஏறத்தாழ பாதி போய்விட்டது! வளரும்போது வேகமாக வளர்வதற்குக் காரணமான அதே கணக்கு, தேயும்போதும் வேகமாகத் தேய்க்கும். ஒரு வாடிக்கையாளர் விலகினால் அவர் சரக்கு மட்டும் போவதில்லை. அவர் கப்பலைப் பிடிக்க வந்துகொண்டிருந்த பிறர் சரக்கும் தயங்கத் தொடங்குகிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 2000-ஆம் ஆண்டில், உலகின் பெருங்கப்பல் நிறுவனமான மேர்ஸ்க், அப்போதுதான் திறக்கப்பட்டிருந்த தஞ்சோங் பெலப்பாஸுக்கு மாறப்போவதாக அறிவித்தது. அங்கே செலவு குறைவு என்பது ஒரு காரணம். தனக்கெனத் தனி முனையம் வேண்டும், அதில் தனக்கும் பங்கு வேண்டும் என்ற அதன் விருப்பம் சிங்கப்பூரில் நிறைவேறாதது மற்றொரு காரணம். ஜொகூரில் 30 விழுக்காட்டுப் பங்கே கிடைத்தது. துறைமுகத்தின் சரக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அந்நிறுவனத்தினுடையது. 2000-இல் 1 கோடியே 70 லட்சமாக இருந்த பெட்டகக் கணக்கு 2001-இல் 1 கோடியே 55 லட்சமாக இறங்கியது. 2002-இல் எவர்கிரீன் நிறுவனமும் அக்கரைக்குச் சென்றது. 2003-இல் துறைமுகத்தில் ஆட்குறைப்பு நடந்தது.

சிங்கப்பூர் இதற்குப் பிறகுதான் ஒரு பாடம் கற்றது எனக் கருதுகிறேன். அதுவரை கப்பல்கள் தன்னைத் தேடி வருகின்றன என்ற எண்ணம் அதற்கு இருந்திருக்க வேண்டும். அதன்பின் கட்டணங்களில் சலுகை தந்தது. சீனத்தின் காஸ்கோ போன்ற நிறுவனங்களோடு கூட்டு முனையங்கள் அமைத்து, கப்பல்காரரையே பங்காளியாக்கியது. பங்காளி எளிதில் வெளியேற மாட்டான் அல்லவா? 2005-இல் உலகின் முதலிடத்தைப் பிடித்து, 2010-இல் அதை ஷாங்காயிடம் விட்டது. ஆனால் ஷாங்காயின் சரக்கு சீனத் தொழிற்சாலைகளின் சரக்கு. அதற்கு வேறு போக்கிடம் இல்லை. அதனோடு சிங்கப்பூரை ஒப்பிடுவது, சொந்த வயலில் விளைந்த நெல்லை அரவைமில்லுக்குக் கூலிக்கு வந்த நெல்லோடு ஒப்பிடுவது போன்றது.

சும்மா கிடக்கும் துறையின் பயன்

2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் மீது ஏமனின் ஹூதிப் படையினர் தாக்குதல் தொடங்கினர். சூயஸ் கால்வாய் வழியே போகவேண்டிய கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லலாயின. சிங்கப்பூருக்கும் செங்கடலுக்கும் இடையே எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர். ஆயினும் 2024 மே மாதம் சிங்கப்பூர்த் துறைக்கு வெளியே பெட்டகக் கப்பல்கள் சராசரியாக இரண்டு மூன்று நாட்கள் காத்துக்கிடந்தன. இது எவ்வாறு?

சுற்றுவழியால் கால அட்டவணை குலைந்தது. ஒரு நாளைக்கு ஒன்றாக வரவேண்டியவை மூன்று நாள் ஒன்றும் வராமல் நான்காம் நாள் சேர்ந்தாற்போல் வந்தன. தாமதத்தை ஈடுகட்ட விரும்பிய கப்பல்கள் அடுத்த துறைகளுக்குப் போகாமல், அங்கே இறக்கவேண்டியதையும் சேர்த்துச் சிங்கப்பூரிலேயே இறக்கிவிட்டுத் திரும்பின. முற்றம் நிரம்பியது. முற்றம் நிரம்பினால், அடியில் கிடக்கும் ஒரு பெட்டகத்தை எடுக்க மேலே உள்ள நான்கைந்தை நகர்த்த வேண்டும். வேலை மேலும் மெதுவாகும்.

வரிசையில் காத்திருப்பதற்கு ஒரு கணிதம் உண்டு. ஒரே ஒரு கவுண்ட்டர். ஆட்கள் ஒழுங்கின்றி வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் முன்பின்னாக இருக்கிறது எனக் கொள்க. அந்தக் கவுண்ட்டர் வேலையாயிருக்கும் நேரப் பங்கை, அது ஓய்ந்திருக்கும் நேரப் பங்கால் வகுத்து, ஒருவருக்கு ஆகும் சராசரி நேரத்தால் பெருக்கினால், சராசரிக் காத்திருப்பு கிடைக்கும். நூற்றுக்கு 80 பங்கு நேரம் வேலை என்றால் 80-ஐ 20-ஆல் வகுக்க, 4 மடங்கு. 90 பங்கு வேலை என்றால் 9 மடங்கு. 95 பங்கு என்றால் 19 மடங்கு! வேலை ஐந்து பங்குதான் கூடியது. காத்திருப்போ இருமடங்குக்கு மேல் கூடிவிட்டது. துறைமுகத்தில் பல துறைகள் இருப்பதால் எண்கள் இவ்வளவு கொடுமையாக இரா. ஆனால் வளைகோட்டின் வடிவம் இதுவே. மாதக் கடைசியில் ரேஷன் கடையில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தச் சூத்திரம் தேவையில்லை.

இதிலிருந்து விளங்குவது யாதெனில், ஒரு நடுத்துறை எப்போதும் ஓரளவு காலியாக இருக்க வேண்டும். கணக்குப்பிள்ளையின் கண்ணுக்குக் காலித் துறை நட்டமாகத் தோன்றும். முதலீடு தூங்குகிறது என்பார். ஆனால் பிறருடைய குழப்பம் வந்து விழும் இடத்தில் இருப்பவனுக்கு அந்த ஓய்விடமே உயிர். 2024-இல் சிங்கப்பூர் என்ன செய்தது? பயன்பாட்டிலிருந்து விலக்கி வைத்திருந்த கெப்பல் முனையத்தின் பழைய துறைகளையும் முற்றங்களையும் மீண்டும் திறந்தது; துவாஸில் புதிய துறைகளை வேலைக்குக் கொண்டுவந்தது; ஆட்களைக் கூட்டியது. வாரத்துக்கு 7 லட்சத்து 70 ஆயிரம் பெட்டகங்களைக் கையாண்ட நிலையிலிருந்து 8 லட்சத்து 20 ஆயிரத்துக்கு உயர்த்த முடிந்தது. பழைய துறைகளை முன்னரே இடித்து அடுக்குமாடி கட்டியிருந்தால் இது இயன்றிராது.

எண்ணெயும் நாணயமும்

இயற்பியல் மாணவன் என்ற முறையில் இப்பகுதியைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன்.

2024-இல் சிங்கப்பூரில் கப்பல்களுக்கு விற்ற எரிபொருள் 5 கோடியே 49 லட்சம் டன். சிங்கப்பூரில் எண்ணெய்க் கிணறு ஒன்றுகூட இல்லை. எல்லாம் வெளியிலிருந்து வந்து, சுத்திகரித்தோ கலந்தோ விற்கப்படுவது. அப்படியிருக்கக் கப்பல்கள் இங்கே ஏன் நிரப்ப வேண்டும்? அளவு சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் நிரப்புவார்கள்.

பழைய முறையில், எண்ணெய் தரும் படகின் தொட்டியில் நாடாவை விட்டு ஆழம் பார்ப்பார்கள். ஆழத்திலிருந்து கன அளவு, வெப்பநிலையையும் அடர்த்தியையும் கொண்டு எடை என்று கணக்கிடுவார்கள். இதில் ஏமாற்ற வழிகள் பல. எண்ணெயினுள் காற்றைக் குமிழ் குமிழாகச் செலுத்திவிட்டால் அது நுரைத்து உயரும். நாடா கூடுதலாகக் காட்டும். நுரைத்த காப்பியின் பெயரையே இந்தத் திருட்டுக்கு வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் கடையில் டபராவில் நுரையை ஏற்றி ஊற்றும் காப்பியைக் கண்டவர்களுக்கு இது உடனே விளங்கும். வேறுபாடு என்னவெனில் இங்கே நுரையின் விலை பல லட்சம் ரூபாய்.

2017 ஜனவரி 1 முதல், கப்பல் எரிபொருள் எண்ணெயை நிறைப் பாய்வு மானி கொண்டே அளக்க வேண்டும் என்று சிங்கப்பூர் கட்டாயமாக்கியது. உலகத் துறைமுகங்களில் இதுவே முதல்முறை. அந்த மானி கொரியோலிஸ் விளைவின் அடிப்படையில் இயங்குகிறது. சுற்றும் ராட்டினத்தின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராக நடக்க முயல்கிறவனை ஏதோ ஒன்று பக்கவாட்டில் தள்ளுவது போலிருக்கும். அதுபோல, அதிர்ந்துகொண்டிருக்கும் ஒரு வளைந்த குழாயினுள் திரவம் ஓடினால், திரவம் நுழையும் பாதி சற்றுப் பின்தங்கியும் வெளியேறும் பாதி சற்று முந்தியும் அதிரும். குழாய் இலேசாக முறுக்கிக்கொள்ளும். இரு பாதிகளுக்கும் இடையே உள்ள காலவேறுபாடு, நொடிக்கு ஓடும் நிறைக்கு நேர்விகிதத்தில் அமையும். கன அளவு இங்கே தேவையே இல்லை. குழாயின் இயல்பு அதிர்வெண்ணிலிருந்து அடர்த்தியும் கிடைத்துவிடுவதால், காற்று கலந்தால் அடர்த்தி வீழ்ந்து அது காட்டிக்கொடுத்துவிடும்.

வகுப்பில் இவ்விளைவைப் பருவக் காற்றின் திசையை விளக்கப் படித்தோம். எந்தப் பருவக் காற்றைப் பிடித்துக் கப்பல்கள் பண்டு அந்த நீரிணைக்கு வந்தனவோ, அந்தக் காற்றை வளைக்கும் அதே விளைவு இன்று அங்கே எண்ணெய் அளந்துகொண்டிருக்கிறது.

எண்ணெய்த் தொழிலுக்கு மறுபக்கமும் உண்டு. 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் நின்றிருந்த எண்ணெய்க் கப்பலின்மீது தூர்வாரும் கப்பல் ஒன்று மோதியதில் சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. செந்தோசாக் கடற்கரை கறுத்தது. குறுகிய கடலில் கப்பல்கள் பெருகப் பெருக இந்த ஆபத்து கூடவே இருக்கும். இனி எரிபொருளும் மாறப்போகிறது. 2023-இல் மேர்ஸ்க்கின் பெட்டகக் கப்பல் ஒன்றுக்கு மெத்தனால் நிரப்பினார்கள். அம்மோனியாவையும் ஆராய்ந்து வருகிறார்கள். அம்மோனியா நச்சுவாயு என்பதை வேதியியல் ஆய்வகத்தில் ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். மக்கள் நெருங்கி வாழும் தீவின் ஓரத்தில் அதைக் கப்பலுக்குக் கப்பல் மாற்றுவது எளிய செயல் அன்று.

மணல் யாருடையது?

நகரத்தை ஒட்டிய தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி ஆகிய முனையங்களை 2027-க்குள்ளும், பாசிர் பாஞ்சாங்கை 2040-ஐ ஒட்டியும் மூடி, எல்லாவற்றையும் மேற்குக் கோடியில் துவாஸ் என்னுமிடத்தில் ஒன்றுசேர்ப்பது சிங்கப்பூரின் திட்டம். துவாஸ் 2022 செப்டம்பரில் முறைப்படித் திறக்கப்பட்டது. 2040-களில் முடியும்போது ஆண்டுக்கு 6 கோடியே 50 லட்சம் பெட்டகங்களைக் கையாள வல்லதாயிருக்கும். கடலில் சுவரெழுப்ப, பத்து மாடி உயரமுள்ள கான்கிரீட்டுப் பெட்டிகளை வார்த்து மிதக்கவிட்டு இழுத்துச் சென்று அமிழ்த்தினார்கள். ஒவ்வொன்றின் எடையும் 15,000 டன். முதற்கட்டத்துக்கு மட்டும் இருநூறுக்கு மேற்பட்டவை தேவைப்பட்டன. அருகிலிருந்த பவளப் பாறைகளில் ஒரு பகுதியைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டார்கள் என்பதும் குறிப்பிடத்தக்கது. ஆனால் பெயர்த்து நட்ட எல்லாம் பிழைக்குமா என்ற ஐயம் எனக்கு உண்டு.

கடலைத் தூர்க்க மணல் வேண்டும். சிங்கப்பூரில் மணல் இல்லை. மலேசியா 1997-இலும் இந்தோனேசியா 2007-இலும் மணல் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. பின்னர்க் கம்போடியாவின் கோ காங் மாநிலத்துக் கழிமுகங்களிலிருந்து மணல் போயிற்று. அங்குள்ள மீனவர்கள் நண்டும் மீனும் அற்றுப்போனதாக முறையிட, 2017-இல் கம்போடியாவும் தடை செய்தது. (இந்தோனேசியா 2023-இல் தன் தடையைத் தளர்த்தியது வேறு கதை.) ஒரு துறைமுகத்தின் வளர்ச்சிக்கு வேறொரு நாட்டின் கரை கரைந்தது என்பதை அதன் புகழ் பாடும் நூல்களில் காண்பது அரிது. ஆற்று மணல் போனால் கிணறு என்னவாகும் என்பதைக் காவிரிக் கரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துவாஸில், சுரங்கப்பாதைகளில் தோண்டிய மண்ணையும் கடலடியில் வாரிய சேற்றையும் பெருமளவில் பயன்படுத்தி மணல் தேவையைக் குறைத்திருக்கிறார்கள். தடைகள் வந்திராவிட்டால் இந்த அறிவு வந்திருக்குமா?

போட்டியாளர்களைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டியதில்லை. 2024-இல் கிள்ளான் 1 கோடியே 40 லட்சத்துக்கு மேலும், தஞ்சோங் பெலப்பாஸ் 1 கோடியே 20 லட்சத்துக்கு மேலும் பெட்டகங்களைக் கையாண்டன. 2025 பிப்ரவரியில் மேர்ஸ்க்கும் ஹாப்பாக் லாய்டும் சேர்ந்து தொடங்கிய புதிய கூட்டணி, இப்பகுதியில் தஞ்சோங் பெலப்பாஸையே தன் நடுத்துறையாகக் கொண்டது. தாய்லாந்து தன் குறுகிய நிலப்பகுதியின் குறுக்கே சாலையும் இருப்புப்பாதையும் போட்டு நீரிணையையே தவிர்க்கும் திட்டத்தைப் பலகாலமாகப் பேசிவருகிறது. இருமுறை இறக்கி ஏற்றும் செலவை நினைத்தால், அது பெருங்கப்பல்களை ஈர்க்கும் என்று நான் நம்பவில்லை. நம் நாட்டின் நிலையோ வேறு. இந்தியாவின் இடைமாற்றுச் சரக்கில் ஏறத்தாழ முக்கால் பங்கு கொழும்பு, சிங்கப்பூர், கிள்ளான் முதலிய அயல்நாட்டுத் துறைகளில்தான் மாற்றப்பட்டு வந்தது என்பது ஒன்றிய அரசே கூறிவந்த கணக்கு. 2025 மே 2-ஆம் நாள் விழிஞ்ஞம் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டதன் நோக்கம் இதில் ஒரு பங்கை மீட்பதே. அங்கே இயற்கை ஆழம் இருக்கிறது. கப்பல் வழியும் அருகே இருக்கிறது. மேலே கூறிய கணக்கின்படி, எத்தனை கிளைவழிகள் அங்கு வந்து கூடும் என்பதுதான் இனிப் பார்க்க வேண்டியது.

கட்டுகிறவர்கள்

துவாஸில் ஓட்டுநர் இல்லாத மின்கல வண்டிகள் பெட்டகங்களைச் சுமந்து செல்கின்றன. முற்றத்துப் பாரந்தூக்கிகள் தாமே இயங்குகின்றன. ஆட்கள் வருவது குறைவு, கூலி மிகுதி என்பதால் அந்நாட்டுக்கு இது தவிர்க்க இயலாதது என்கிறார்கள்.

என் தாய்மாமன் பத்தாண்டுகள் சிங்கப்பூரில், நகரை ஒட்டிய முனையமொன்றில் பெட்டகம் கட்டும் வேலை பார்த்தவர். கப்பலின் தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டகங்கள் அலையில் சரியாமலிருக்க, மூலைகளில் முறுக்குப் பூட்டு போட்டு, இரண்டாள் நீளமுள்ள இரும்புக் கம்பிகளைக் குறுக்காக மாட்டி இறுக்க வேண்டும். கப்பல் துறைக்கு வந்ததும் கழற்ற வேண்டும். புறப்படுமுன் மாட்ட வேண்டும். இரவு பகல் பாராத வேலை. அவர் அனுப்பிய பணத்தில்தான் எனக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியது. இக்கட்டுரைக்காகத் துவாஸைப் பற்றிப் படித்ததை அவரிடம் கூறினேன். ஓட்டுநர் இல்லாத வண்டிகளைக் கேட்டு அவர் வியக்கவில்லை.

“அதெல்லாம் சரி மாப்ளே, கம்பி மாட்டுறது யாரு?” என்றார்.

அந்த வேலையைச் செய்ய இன்னும் சரியான எந்திரம் அமையவில்லை என்றும், கப்பலுக்குக் கப்பல் அடுக்கு மாறுபடுவதால் அதை இன்னும் மனிதர்களே செய்கிறார்கள் என்றும் கூறினேன்.

சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு, மழையில் கம்பி வழுக்கும். இடக்கையில் உறையை இரண்டாகப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று, நானே நாளைக்கு வேலைக்குப் போகிறவன் போல எனக்குச் சொல்லிக் காட்டினார்.